எதிரியைப் பார்க்காத இரும்புக் கப்பல்கள்: பம்பாயின் மக்தாலாவும் அபிசீனியாவும்

'எம்டன்' என்ற பெயரைக் கேள்விப்படாத தமிழர் குறைவு. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைக்கு வந்து குண்டு போட்டுவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பல் அது. கப்பல் போய்விட்டது, பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. "அவன் சரியான எம்டன்" என்று இன்றும் கிராமத்தில்கூடச் சொல்கிறார்கள். 2006ல் ஒரு சினிமாவுக்கே 'எம்டன் மகன்' என்று பெயர் வைத்து, பிறகு அதை 'எம் மகன்' என்று மாற்றினார்கள்.

தாக்க வந்த கப்பலை இப்படி நினைவில் வைத்திருக்கிறோம். காக்க வந்த கப்பல்கள்? இந்தியாவின் துறைமுகத்தைக் காப்பதற்கென்றே, இந்தியப் பணத்தில், இரண்டு இரும்புக் கவசப் போர்க்கப்பல்கள் 1870ல் லண்டனில் கட்டப்பட்டன. ஒன்றின் பெயர் மக்தாலா, இன்னொன்றின் பெயர் அபிசீனியா. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவை பம்பாய்த் துறைமுகத்தில் காவல் நின்றன. எதிரிக் கப்பல் ஒன்றைக்கூட அவை சந்திக்கவில்லை. கடைசியில் உடைப்பதற்காக விற்கப்பட்டன. அந்த இரண்டு கப்பல்களின் கதைதான் இது.

இரும்புக் கவசம் எதற்கு?

பல நூறு ஆண்டுகளாகப் போர்க்கப்பல் என்றால் மரக்கப்பல்தான். பீரங்கியிலிருந்து வந்தது வெறும் இரும்பு உருண்டையாக இருந்தவரை மரக்கப்பல் தாக்குப் பிடித்தது. 19ஆம் நூற்றாண்டில், உள்ளே மருந்து வைத்து வெடிக்கும் குண்டுகள் புழக்கத்துக்கு வந்தன. அவை மரக்கப்பலில் பாய்ந்தால் கப்பல் முழுவதும் தீப்பிடிக்கும். மரத்தின் மேல் இரும்புத் தகடு போர்த்துவது என்ற யோசனை அப்போதுதான் வலுப்பெற்றது.

பிரான்ஸ் 1859ல் 'குளோயர்' என்ற கவசக் கப்பலைக் கடலில் இறக்கியது. இங்கிலாந்து சும்மா இருக்குமா? மறு ஆண்டே 'வாரியர்' வந்தது. 1862 மார்ச் 9 அன்று அமெரிக்க உள்நாட்டுப் போரில் 'மானிட்டர்', 'வர்ஜீனியா' என்ற இரண்டு கவசக் கப்பல்கள் நேருக்கு நேர் மோதின. பல மணி நேரம் சுட்டும் ஒன்றை ஒன்று மூழ்கடிக்க முடியவில்லை. அதற்கு முந்தைய நாள்தான் அதே வர்ஜீனியா இரண்டு மரக்கப்பல்களைச் சுலபமாக அழித்திருந்தது. மரக்கப்பல்களின் காலம் முடிந்துவிட்டது என்று உலகத்துக்கே அன்று புரிந்தது.

இரும்புக்குப் பின்னால் தேக்கு

இதில் செட்டிநாட்டுக்காரர்களுக்குச் சுவையான ஒரு விஷயம் உண்டு. இரும்புக் கவசம் என்று சொன்னாலும் அது வெறும் இரும்பு அல்ல. தகட்டுக்குப் பின்னால் கனமான மரம் வைத்தார்கள். குண்டு வந்து மோதும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அந்த மரம்தான். வாரியர் கப்பலில் நாலரை அங்குல இரும்புக்குப் பின்னால் 18 அங்குலம் மரம் இருந்தது. அந்த மரம் தேக்கு!

இங்கிலாந்தில் கிடைக்கும் ஓக் மரத்தை ஏன் வைக்கவில்லை? ஓக் மரத்தில் உள்ள துவர்ப்பு அமிலம் இரும்பை அரிக்கும். தேக்கில் உள்ள எண்ணெய் அப்படிச் செய்யாது. தண்ணீரிலும் தேக்கு எளிதில் உளுத்துப்போகாது. அதனால் மௌல்மெய்ன் போன்ற பர்மியத் துறைமுகங்களிலிருந்தும் மலபாரிலிருந்தும் தேக்கு கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குப் போனது. பிள்ளையார்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் நகரத்தார் வீடுகளின் முகப்புத் தூண்களும் நிலைக்கதவுகளும் பர்மாத் தேக்கு என்பது தெரிந்ததே. அதே பர்மாக் காடுகளின் தேக்கு, பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் கவசத்துக்குப் பின்னாலும் இருந்தது. மக்தாலாவின் கவசத்துக்குப் பின்னாலும் தேக்குதான்.

பம்பாய்க்கு என்ன பயம்?

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலிருந்தே பம்பாயில் ஒரு கடற்படை இருந்தது. 'இந்தியக் கடற்படை' என்ற அதன் போர்ப்பிரிவை 1863ல் கலைத்துவிட்டார்கள். சிப்பாய்க் கலகத்துக்குப் பிறகு செலவைக் குறைக்க வேண்டும், இனி ராயல் நேவியே பார்த்துக்கொள்ளும் என்று காரணம் சொல்லப்பட்டது. மிச்சம் இருந்தவை பழைய மரக்கப்பல்கள்.

ஆனால் பம்பாய் அப்போது பணம் கொட்டும் ஊர். அமெரிக்க உள்நாட்டுப் போரால் (1861-65) அங்கிருந்து பருத்தி வருவது நின்றுபோக, லங்காஷயர் ஆலைகளுக்கு இந்தியப் பருத்தி பம்பாய் வழியாகத்தான் போனது. அதே போரில் தென்மாநிலத்தாரின் 'அலபாமா' என்ற ஒரே ஒரு கப்பல் உலகக் கடல்களில் அலைந்து அறுபதுக்கு மேற்பட்ட வணிகக் கப்பல்களைப் பிடித்தது. 1863 கடைசியிலும் 1864 தொடக்கத்திலும் அது இந்தியப் பெருங்கடலுக்கே வந்துவிட்டது. துணிச்சலான ஒரு தலைவனும் வேகமான ஒரு கப்பலும் இருந்தால் போதும், பெரிய வணிகத்தையே கலங்கடிக்கலாம் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. லண்டனிலிருந்து பம்பாய்க்கு ஆப்பிரிக்காவைச் சுற்றி வரும் தூரத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. வணிகனுக்குக் குறைந்த தூரம் எதிரிக்கும் குறைந்தது அல்லவா?

கால்வாய் திறப்பதற்கு முன்பே, 1860களின் நடுவில், இந்தியா ஆபீஸ் (லண்டனிலிருந்து இந்தியாவை நிர்வகித்த அலுவலகம்) பம்பாய்க்குக் காவல் கப்பல்கள் வேண்டும் என்று பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையிடம் கேட்டது. கடற்படை முதலில் சொன்ன கப்பல்களின் விலை இந்தியா ஆபீசுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக்காக 'செர்பரஸ்' என்ற சிறிய கவசக் கப்பல் அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. அதே அமைப்பில் ஒன்று, அதைவிட மலிவாக இன்னொன்று என்று பேரம் முடிந்தது. முதலாவது மக்தாலா, விலை 1,32,400 பவுண்டு. இரண்டாவது அபிசீனியா, விலை 1,16,549 பவுண்டு. அன்றைய மதிப்பில் இரண்டும் சேர்த்து சுமார் 25 லட்சம் ரூபாய்.

பெயரும் ஒரு போர்தான்

இந்தியக் காவல் கப்பல்களுக்கு ஆப்பிரிக்கப் பெயர் ஏன்? எத்தியோப்பியாவின் (அன்று அபிசீனியா) பேரரசர் இரண்டாம் தியோத்ரோஸ் சில ஐரோப்பியர்களைச் சிறைப்பிடித்தார். அவர்களை மீட்கச் சென்ற படை பம்பாயிலிருந்துதான் புறப்பட்டது. பம்பாய்ப் படைத் தளபதி ராபர்ட் நேப்பியர் தலைமையில் சுமார் 13,000 வீரர்கள், சுமை தூக்க 44 யானைகள்! மதராஸ் சாப்பர்ஸ் வீரர்களும் அதில் இருந்தார்கள். 1868 ஏப்ரலில் மக்தாலா மலைக்கோட்டை விழுந்தது. தியோத்ரோஸ் தற்கொலை செய்துகொண்டார். போரின் மற்றச் செலவை இங்கிலாந்து ஏற்றாலும், போன சிப்பாய்களின் வழக்கமான சம்பளம் இந்திய வருவாயிலிருந்தே கொடுக்கப்பட்டது. அந்த வெற்றியின் பெயரைத்தான் இரண்டு கப்பல்களுக்கும் வைத்தார்கள்.

எப்படிப்பட்ட கப்பல்கள்?

இவ்வகைக் கப்பலுக்கு 'பிரெஸ்ட்வொர்க் மானிட்டர்' என்று பெயர். செர்பரஸ் வகையை வடிவமைத்தவர் எட்வர்ட் ரீட். அமெரிக்க மானிட்டர் கப்பல்கள் தண்ணீரோடு ஒட்டிக் கிடக்கும், கட்டை மிதப்பது போலத் தெரியும். எதிரிக்குக் குறி வைக்க இடமே கிடைக்காது. ஆனால் சின்ன அலைகூட மேலே ஏறிவிடும், திறப்புகள் வழியாக உள்ளே தண்ணீர் புகும். ரீட் இதற்கு ஒரு வழி கண்டார். கப்பலின் உடலைத் தாழ்வாகவே விட்டு, நடுப்பகுதியில் மட்டும் கவசச் சுவர் எழுப்பினார். புகைபோக்கி, காற்று வழிகள், சுழலும் பீரங்கிக் கோபுரங்களின் அடிப்பகுதி எல்லாம் அந்தச் சுவருக்குள் பத்திரமாக அடங்கின. முன்னால் ஒரு கோபுரம், பின்னால் ஒரு கோபுரம், ஒவ்வொன்றிலும் இரண்டு பீரங்கிகள். பாய்மரம் கிடையாது. முழுக்க நீராவியை நம்பி வடிவமைக்கப்பட்ட முதல் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் இவையும் அடக்கம். பிற்காலத்துப் போர்க்கப்பலின் உருவம், அதாவது நடுவில் கட்டடம், முன்னும் பின்னும் பீரங்கிக் கோபுரம் என்ற அமைப்பு, இங்கேயே தெரிய ஆரம்பித்துவிட்டது.

மக்தாலாவை தேம்ஸ் நதிக்கரையில் இருந்த தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ் நிறுவனம் கட்டியது. வாரியரைக் கட்டியதும் அதே நிறுவனம்தான். 1870 மார்ச் 2 அன்று மக்தாலா தண்ணீரில் இறக்கப்பட்டது. அதன் விவரங்கள்:

நீளம்: 225 அடி. அகலம்: 45 அடி.
எடை: சுமார் 3,340 டன்.
வேகம்: மணிக்கு சுமார் பத்தரை கடல் மைல்.
ஆட்கள்: சுமார் 155 பேர்.
பீரங்கிகள்: 10 அங்குல வாய் கொண்ட நான்கு. ஒவ்வொன்றின் எடையும் 18 டன், குண்டு ஒன்றின் எடை சுமார் 400 பவுண்டு (180 கிலோ).
கவசம்: நீர்மட்டத்தில் 6 முதல் 8 அங்குலம், நடுச் சுவரில் 8 முதல் 9 அங்குலம், கோபுரங்களில் 9 முதல் 10 அங்குலம்.

அபிசீனியாவை டட்ஜன் என்ற வேறொரு லண்டன் நிறுவனம் கட்டியது. அது 1870 பிப்ரவரியிலேயே தண்ணீரில் இறங்கிவிட்டது. நீளம் அதேதான், ஆனால் அகலமும் எடையும் குறைவு (சுமார் 2,900 டன்). கவசம் கொஞ்சம் மெலிது. பீரங்கிகள் அதே நான்கு. விலைக்கேற்ற சரக்கு என்று சொல்லலாம்.

பம்பாய்க்கு வந்த ஆபத்தான பயணம்

துறைமுகத்துக்குள் நிற்பதற்காகக் கட்டிய கப்பலை லண்டனிலிருந்து பம்பாய் வரை எப்படிக் கொண்டுவருவது? நிலக்கரி அவ்வளவு தூரத்துக்குப் போதாது. அதனால் மக்தாலாவில் தற்காலிகமாக மூன்று பாய்மரங்களைப் பொருத்தினார்கள்.

இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது அப்போதைய செய்தியைப் பார்த்தால் புரியும். 1870 செப்டம்பர் 7 அதிகாலையில் 'கேப்டன்' என்ற புத்தம்புதிய பிரிட்டிஷ் கவசக் கப்பல் ஸ்பெயின் கரைக்கு அப்பால் புயலில் கவிழ்ந்தது. சுமார் 480 பேர் இறந்தார்கள். அதை வடிவமைத்த கௌப்பர் கோல்ஸும் அவர்களில் ஒருவர். கேப்டன் மூழ்கியதற்குக் காரணம், தண்ணீருக்கு மேல் உடல் மிகத் தாழ்வாக இருந்ததும் அதன் மேல் உயரமான பாய்மரங்களைச் சுமத்தியதும்தான். இந்த அமைப்பு ஆபத்து என்று முன்பே எதிர்த்து வந்தவர் எட்வர்ட் ரீட்.

கேப்டனைவிடவும் தாழ்வான உடல் கொண்டது மக்தாலா. அந்தச் சோகம் நடந்து சில மாதங்களே ஆகியிருந்த நிலையில், 1870-71 குளிர்காலத்தில், பாய்மரங்களைத் தாங்கிக்கொண்டு அது கிளம்பியது. நல்லவேளை, பத்திரமாகப் பம்பாய் வந்து சேர்ந்தது. பாய்மரங்கள் கழற்றப்பட்டன. மக்தாலாவின் வாழ்க்கையிலேயே மிகப் பெரிய சாகசம் அந்த முதல் பயணம்தான். அதற்குப் பிறகு அது நீண்ட பயணம் எதுவும் போகவில்லை.

முப்பது ஆண்டுக் காவல்

பம்பாய் இயற்கையான துறைமுகம். தீவுகளும் நிலமும் அணைத்துக்கொண்ட அமைதியான நீர். தாழ்வான கப்பலுக்கு ஏற்ற இடம். மக்தாலாவும் அபிசீனியாவும் அங்கே நங்கூரமிட்டு நின்றன. பீரங்கிப் பயிற்சிக்காக அவ்வப்போது சற்று வெளியே போய்விட்டுத் திரும்பும், அவ்வளவுதான்.

பயம் வராமல் இல்லை. 1877-78 ரஷ்ய-துருக்கிப் போரின்போது ரஷ்யாவோடு இங்கிலாந்துக்குப் போர் மூளும் என்ற நிலை வந்தது. இந்தியச் சிப்பாய்கள் சுமார் 7,000 பேர் கப்பலேறி மால்டா வரை போனார்கள். 1885ல் ஆப்கானிஸ்தான் எல்லையில் பஞ்ச்தே என்ற இடத்தில் ரஷ்யப் படை தாக்கியபோது மறுபடியும் அதே பதற்றம். ஆனால் எந்தக் கப்பலும் பம்பாய் வாசலுக்கு வரவில்லை.

இதற்குள் உலகம் எங்கோ போய்விட்டது. பீரங்கியின் வாய்வழியாக மருந்தும் குண்டும் திணிக்கும் முறை போய், பின்பக்கம் திறந்து நிரப்பும் பீரங்கி வந்தது. தேனிரும்புக் கவசத்தின் இடத்தை எஃகு பிடித்தது. டார்பீடோ வந்தது. 1892ல் இரண்டு கப்பல்களுக்கும் பழைய பீரங்கிகளை எடுத்துவிட்டுப் பின்பக்கம் நிரப்பும் 8 அங்குலப் பீரங்கிகளைப் பொருத்தினார்கள். ஆனால் உடம்பு அதே 1870 உடம்பு. 1903-04 வாக்கில் இரண்டும் உடைப்பதற்காக விற்கப்பட்டன.

அவற்றின் மூத்த சகோதரி செர்பரஸ் கதை வேறு. மெல்போர்ன் துறைமுகத்தைக் காத்த அதுவும் எதிரியை நோக்கிச் சுட்டதில்லை. 1924ல் வெறும் 409 பவுண்டுக்கு விற்கப்பட்டது. 1926ல் அலைத்தடுப்பாகக் கரையோரம் மூழ்கவைக்கப்பட்டது. பிளாக் ராக் என்ற இடத்தில் அது இன்றும் துருப்பிடித்து நிற்கிறது. 1993ல் உடல் நொறுங்கி இறங்கிவிட்டாலும், கோபுரங்கள் தண்ணீருக்கு மேல் தெரிகின்றன. மக்தாலா எப்படி இருந்திருக்கும் என்று நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் மும்பைக்கு அல்ல, மெல்போர்னுக்குத்தான் போக வேண்டும்.

சென்னைக்கு ஏன் ஒன்றும் இல்லை?

இந்தியா ஆபீஸின் செலவெல்லாம் இந்திய வருவாயின் தலையில்தான் விழுந்தது. அந்த வருவாயில் பெரும்பங்கு நிலவரியும் உப்பு வரியும். பிள்ளையார்பட்டி அன்று சிவகங்கை ஜமீனைச் சேர்ந்த ஊர். அந்த ஜமீன் அரசாங்கத்துக்குக் கட்டிய பேஷ்கஷும் அதே கஜானாவுக்குத்தான் போனது. 1876-78ல் மதராஸ் மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டி லட்சக்கணக்கானோர் இறந்தபோதும், பம்பாயில் அந்தக் கப்பல்களின் பராமரிப்பு நடந்துகொண்டுதான் இருந்தது.

ஆக, மதராஸ் மாகாணத்து விவசாயியின் வரியும் பம்பாய்க் காவலில் சேர்ந்திருக்கிறது. சென்னைக்கு அப்படி ஒரு கப்பல் வரவில்லை. இதை வெறும் ஓரவஞ்சனை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. சென்னைக்கு அப்போது துறைமுகமே கிடையாது. திறந்த கடலில் கப்பல்கள் நிற்கும், மசூலா படகுகளில் ஆளும் சரக்கும் அலை மேல் ஏறி இறங்கிக் கரை சேரும். செயற்கைத் துறைமுகத்துக்கு 1875க்குப் பிறகுதான் அலைத்தடுப்புச் சுவர் எழுப்ப ஆரம்பித்தார்கள். 1881 நவம்பரில் அடித்த புயல் அதையும் உடைத்துப் போட்டது. அந்தக் கடலில் மக்தாலா மாதிரித் தாழ்வான கப்பல் ஆண்டு முழுவதும் நிற்பது நடக்காத காரியம்.

ஆனால் எதிரி தேர்ந்தெடுத்தது சென்னையைத்தான். காவல் கப்பல்கள் விற்கப்பட்டுப் பத்தாண்டு கழித்து, 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில் எம்டன் வந்தது. விளக்கு எல்லாம் எரிந்துகொண்டிருந்த ஊரை நோக்கி சுமார் 130 குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டன, ஆனால் குண்டு எதுவும் படவில்லை. கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. அடுத்த நாட்களில் ஊரைவிட்டு ஓடியவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள்.

இரண்டு கப்பல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். எம்டனின் எடை சுமார் 3,660 டன். மக்தாலாவும் ஏறத்தாழ அதே எடைதான். ஆனால் எம்டனின் வேகம் 23 கடல் மைலுக்கு மேல், மக்தாலாவைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். ஒன்று எடையை எல்லாம் கவசத்தில் போட்டது, மற்றொன்று ஓட்டத்தில் போட்டது. மக்தாலாவால் எம்டனைத் துரத்தியிருக்க முடியாது. அந்த வேகமான எம்டனும் 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே தன்னைவிடப் பெரிய பீரங்கிகள் கொண்ட ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' கப்பலிடம் அடிபட்டு அழிந்தது.

வீண் செலவா?

ஒரு குண்டுகூட எதிரி மேல் விழாத கப்பல்களுக்கு 25 லட்சம் ரூபாயும் முப்பது ஆண்டுப் பராமரிப்பும் வீண்தானே என்று தோன்றலாம். இதற்கு இரண்டு பக்கமும் நியாயம் உண்டு.

தெருவில் கூர்க்கா நடக்கிறார், திருடன் வரவில்லை. அதனால் கூர்க்காவுக்குக் கொடுத்த சம்பளம் தண்டம் என்று யாரும் சொல்வதில்லை. 'அலபாமா' மாதிரி ஒரு கப்பல் பம்பாய்க்குள் நுழைய நினைத்திருந்தால், 400 பவுண்டு குண்டு எறியும் எட்டுப் பீரங்கிகள் வாசலில் நிற்கின்றன என்பதை யோசித்திருக்கும். அந்தப் பயத்தை உண்டாக்குவதுதான் காவல் கப்பலின் வேலை. அந்தக் கணக்கில் மக்தாலாவும் அபிசீனியாவும் தங்கள் வேலையைச் செய்தன.

ஆனால் யாருடைய பயத்துக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. ரஷ்யா இங்கிலாந்தின் எதிரி. ஜெர்மனியும் இங்கிலாந்தின் எதிரிதான். பணம் கொடுத்த இந்தியனிடம் கப்பல் வேண்டுமா என்று கேட்கவில்லை, எங்கே நிறுத்துவது என்றும் கேட்கவில்லை. சொந்தமாக இருந்த கடற்படையைச் செலவு என்று கலைத்துவிட்டு, சில ஆண்டுகளிலேயே வெளியிலிருந்து விலைக்கு வாங்கிய காவல் இது. 'ராயல் இந்தியக் கடற்படை' என்ற பெயரில் மறுபடியும் ஒரு கடற்படை அமைய 1934 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எம்டனுக்குச் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் ஒரு நினைவுக் கல்வெட்டு இருக்கிறது, தமிழில் ஒரு சொல்லும் இருக்கிறது. கால் மணி நேரம் சுட்டதற்குக் கிடைத்த பெயர் அது. முப்பது ஆண்டு சும்மா நின்ற மக்தாலாவுக்கும் அபிசீனியாவுக்கும் அப்படி எதுவும் இல்லை. அடுத்த முறை யாராவது ஒருவரை 'எம்டன்' என்று சொல்லும்போது, மேற்குக் கரையில் காவல் நின்ற அந்த இரண்டு இரும்புக் கப்பல்களையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம். அவற்றுக்கான பணத்தில் நம் ஊர் வரியும் இருந்தது.